ஸ்காபரோ பேஸ்மென்ட் வெள்ளவத்தையில் இல்லை

வெள்ளவத்தையில் இப்ப யாராவது ஃபிளாட் ஒன்றைத் திருத்தத் தொடங்கினால் முதல் கதை குசினியைப் பற்றியோ பாத்ரூம் ஒழுகலைப் பற்றியோ இல்லை, ஹோலைப் பற்றித்தான். "ஹோலை ஒரு தியேட்டர் மாதிரிச் செய்யப்போறம்" என்று சொல்லி ஃபோனில் ஒரு முப்பரிமாணப் படம் காட்டுவார்கள். கறுப்புச் சுவர், ஊதா நிற லைட் கோடு, சுவர் முழுக்க ஒரு திரை, சீலிங்குக்குள் புதைத்த ஸ்பீக்கர்கள், நடுவில் சாய்ந்து படுக்கிற இரண்டு கதிரை. அந்தப் படத்தில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். யன்னல் இருக்காது. பக்கத்து வீடு என்ற ஒன்று உலகத்திலேயே இருக்காது.

இந்தக் கட்டுரை அந்தப் படத்துக்கு எதிரானது. புரொஜெக்டருக்கு எதிரானது என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். வீட்டில் பெரிய திரை வேண்டும், காதுக்கு நல்ல சத்தம் வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான் நானும். நான் சொல்ல வருவது இதுதான்: எங்கட தொடர்மாடிகளுக்கு வரையப்படுகிற 'ஹோம் தியேட்டர்' திட்டங்கள் முக்கால்வாசியும் வீட்டுக்கு வருகிறவைக்குக் காட்டுவதற்காக வரையப்படுகின்றன. படம் பார்க்கிறது அதில் இரண்டாம் பட்சம். விளைவு, காசும் போகும், வெளிச்சத்தில் படமும் வெளிறிப்போகும், வசனமும் விளங்காது. அதோடு வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரேயொரு அறை ஒருத்தருடைய அறையாக மாறிவிடும். இந்தக் கடைசி விசயம்தான் எனக்குப் பெரிய பிரச்சினை.

எங்கிருந்து வந்த வரைபடம்

இந்த வரைபடங்களின் ஊர் வெள்ளவத்தை இல்லை. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருக்கிற மாமா ஒருத்தர் தன்ர வீட்டு பேஸ்மென்டை தியேட்டராக்கிவிட்டு வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார். குடும்பக் குறூப்பில் எல்லாரும் கை தட்டுவினம். அடுத்த மாசம் இங்கே ஒரு மச்சான் அதே படத்தை வேலை எடுத்துச் செய்கிற ஆட்களிடம் காட்டி "இப்பிடி வேணும்" என்பார். அவர்களும் "செய்யலாம்" என்பார்கள். செய்ய ஏலாது என்று சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமே.

கனடாவில் பேஸ்மென்ட் என்பது மண்ணுக்குள் பாதி புதைந்த அறை. சுற்றி கொங்கிரீட், அதற்கு வெளியே மண். கீழே ஒருத்தரும் குடியிருப்பதில்லை. யன்னல் இருந்தாலும் கூரையை ஒட்டி ஒரு கை அகலத்துக்குத்தான் இருக்கும். பகலிலும் இருட்டு. உள்சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. நடுவில் வெற்றிடம் இருப்பதால் வயரை எப்போது வேண்டுமானாலும் இழுக்கலாம். குளிருக்கு நிலத்தில் கார்ப்பெட் விரித்திருப்பார்கள், அது எதிரொலியை விழுங்கும். இருட்டு, அமைதி, வயர் ஓட இடம், எதிரொலி இல்லாத நிலம் என்று ஒரு தியேட்டருக்கு வேண்டிய நாலும் அங்கே கேட்காமலே கிடைக்கிறது.

இனி எங்கட ஹோலைப் பாருங்கோ. மேற்குப் பக்கம் மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பின்னேரம் ஆறு மணி தாண்டியும் வெயில் நேரே கண்ணாடிக் கதவுக்குள்ளால் வரும். நிலம் முழுக்க டைல்ஸ். சுவர் செங்கல்லோ சீமெந்துக் கல்லோ வைத்துப் பூசியது, வயர் ஓட வேண்டும் என்றால் கொத்த வேண்டும். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். நடு சீலிங்கில் ஃபான். அங்கே சும்மா கிடைத்த நாலில் இங்கே ஒன்றுகூட இல்லை. பிறகு எப்படி அதே வரைபடம் சரிவரும்?

ஹோல் என்றால் என்ன

மூன்று அறை ஃபிளாட்டில் ஹோல் என்பது படம் பார்க்கிற இடம் மட்டும்தானா? ஊரில் இருந்து ஆஸ்பத்திரிக்கோ எம்பசிக்கோ வருகிற சொந்தக்காரர் இரவு பாய் விரித்துப் படுப்பது ஹோலில். ஏ.எல். படிக்கிற தங்கச்சி அறையில் வெக்கை தாங்காமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவது ஹோலுக்கு. செத்தவீடு என்றால் முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஆட்கள் வந்து இருப்பது ஹோலில். அம்மம்மா பகல் முழுக்கக் காற்று வாங்கிக்கொண்டு இருப்பதும் அங்கேதான்.

ஸ்பீக்கர் ஒழுங்கமைப்பைப் பற்றிய எந்தக் கையேட்டைத் திறந்தாலும் நடுவில் ஒரு கதிரை வரைந்திருக்கும். எல்லாக் கோணமும் அந்தக் கதிரையில் இருந்துதான் அளக்கப்படும். முன் ஸ்பீக்கர் இரண்டும் அந்தக் கதிரைக்கு 22 முதல் 30 பாகையில், பக்க ஸ்பீக்கர்கள் 110 பாகை அளவில் என்று போகும். தொழில்நுட்பமாக அதில் பிழை ஒன்றும் இல்லை, எங்கேயோ ஒரு புள்ளியில் இருந்துதானே அளக்க வேண்டும். ஆனால் எங்கட வீடுகளில் அந்தக் கதிரையில் யார் இருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும். காசு குடுத்த ஆம்பிளை இருக்கிறார். அம்மா குசினி வாசலில் நின்றபடி பாதிப் படம் பார்க்கிறா. அம்மம்மா ஓரச் செட்டியில் "என்ன சொன்னவன்?" என்று கேட்டுக்கொண்டு இருக்கிறா. பிள்ளைகள் நிலத்தில். ஒரு கதிரைக்குத் திட்டம் போட்டுவிட்டு அதைக் 'குடும்பத் தியேட்டர்' என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அளக்கத் தொடங்க முதல் வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே இருப்பினம், யாருக்குக் காது மந்தம் என்று ஒரு தாளில் எழுதுங்கோ. அதுதான் உண்மையான வரைபடம்.

சுவர் முழுக்கத் திரை வேண்டாம்

ஹோல் அகலம் 12 அடி, நீளம் 16 அடி என்று வைப்போம். திரை 12 அடிச் சுவரில். செட்டியைப் பின்சுவரில் இருந்து கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டால் கண்ணுக்கும் திரைக்கும் 11 அடி வரும். 100 அங்குலத் திரை (மூலைக்கு மூலை அளவு) 87 அங்குலம் அகலம், 49 அங்குலம் உயரம். 11 அடியில் இருந்து பார்த்தால் அது கண்ணில் ஏறத்தாழ 36 பாகையை நிரப்பும். சினிமாத் தொழில்நுட்பர்கள் குறைந்தது 30 வேண்டும் என்கிறார்கள், 40 என்றால் நல்ல தியேட்டர் ஆசனம். ஆகவே 100 அங்குலம் தாராளமாகக் காணும்.

"இல்லை, 120 போடுவம்" என்பார்கள். 120 அங்குலத் திரையின் அகலம் 105 அங்குலம். 144 அங்குலச் சுவரில் இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஒவ்வொரு பக்கம் இருபது அங்குலம் கூட வராது. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலைக்குள் போய் முட்டும். மூலையில் வைத்த ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வீங்கி வசனத்தை மூடும். அது மட்டுமில்லை. 120இன் பரப்பு 100ஐ விட 44 வீதம் அதிகம், அதே புரொஜெக்டரின் வெளிச்சம் அவ்வளவு இடத்துக்கும் பரவி மங்கும். பெரிய திரை வாங்கி மங்கலான படம் பார்க்கிறீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒரு விசயம்: புரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அது வெளிச்சத்தைத் தராமல் விடுகிறது, அவ்வளவுதான். அறையில் வெயில் இருந்தால் அந்தக் 'கறுப்பு' உங்கட சுவரின் சாம்பல் நிறம். எத்தனை ஆயிரம் லூமென் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இது மாறாது. அதனால்தான் இருட்டாக்கச் சொல்கிறார்கள், தடித்த கேர்ட்டின் போடச் சொல்கிறார்கள். வெள்ளவத்தையில் கண்ணாடிக் கதவை மூடிக் கேர்ட்டின் இழுத்தால் கடல்காற்று நின்றுவிடும். பிறகு ஏசி. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டப்பட்ட நாடு இது. சும்மா வந்த காற்றை அடைத்துவிட்டுக் காசுக்குக் குளிர் வாங்குவதா?

இதற்கு விடை எளிது. பகலில் ரீவி, இரவில் திரை. சுருட்டி மேலே ஏற்றக்கூடிய திரை போட்டால் பகலில் சுவர் சுவராகவே இருக்கும். திரை விழுகிற சுவரையும் அதற்கு மேலான சீலிங்கையும் மினுங்காத, கொஞ்சம் கடுமையான நிறத்தில் பூசினால் போதும். முழு ஹோலையும் கறுப்படித்து அம்மம்மாவை ஒரு குகைக்குள் இருத்தத் தேவையில்லை.

பிறகு ஃபான். 87 அங்குல அகலத் திரைக்குச் சாதாரண வீட்டுப் புரொஜெக்டர் ஒன்று திரையில் இருந்து ஒன்பது முதல் பதினொரு அடி தூரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு முன்னால், ஹோலின் நட்டநடுவில் தொங்குவது என்ன? ஃபான். ஒளி ஃபான் இறக்கையில் பட்டு வெட்டுப்படும், இல்லாவிட்டால் ஃபானை நிறுத்தி வியர்த்துக்கொண்டு படம் பார்க்க வேண்டும். ஃபோனில் வந்த படத்தில் ஃபான் இருந்ததா? இருக்காது. மேல்வேலை தொடங்க முதல் ஃபான் கொக்கியை ஒரு பக்கம் நகர்த்த முடியுமா, இல்லாவிட்டால் புரொஜெக்டரின் கண் ஃபானுக்குக் கீழே வருமா என்று நூல் பிடித்துப் பாருங்கோ. ஒரு நூல், இரண்டு ஆள், பத்து நிமிசம். சரிவாக வைத்துவிட்டுப் பிறகு மெனுவில் படத்தை நிமிர்த்தலாம் என்று நினைக்க வேண்டாம். அப்படி நிமிர்த்தினால் காசு குடுத்து வாங்கின படப்புள்ளிகளில் ஒரு பகுதி வீணாகும்.

திரையின் கீழ் விளிம்பு நிலத்தில் இருந்து மூன்று அடியாவது இருக்கட்டும். முன்னுக்குப் பாயில் இருக்கிற ஆட்களின் தலைக்கு மேலால் உபதலைப்பு தெரிய வேண்டும். சிங்களச் சிநேகிதரைக் கூப்பிட்டு ஒரு தமிழ்ப் படம் பார்க்கிற வீட்டுக்கு இது சின்ன விசயம் இல்லை. உபதலைப்பு மறைந்தால் அவருக்குப் படமே மறைந்தது.

முதலில் வசனம்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சீலிங்குக்குள் நாலு ஸ்பீக்கர் புதைத்தார்கள். நிலத்தில் ஒரு குட்டி மேசை அளவு சப்வூஃபர். நடு ஸ்பீக்கர்? அதை ரீவி அலுமாரிக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள், "வடிவா இருக்க வேணும்" என்பதற்காக. ஹெலிகொப்டர் தலைக்கு மேலால் அருமையாகப் பறக்கும். ஆள் என்ன கதைக்கிறார் என்பது மட்டும் ஒருத்தருக்கும் விளங்காது.

தியேட்டரில் நடு ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் இருக்கிறது. அந்தத் திரையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளைகள், சத்தம் அதற்குள்ளால் வரும். அதனால்தான் நடிகரின் வாயில் இருந்தே குரல் வருகிற மாதிரி இருக்கிறது. ஐந்து ஸ்பீக்கருக்குக் கலக்கப்பட்ட படம் ஒன்றில் வசனத்தின் பெரும்பகுதி அந்த நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. அதை அலுமாரிக்குள் வைப்பது வாயில் துணி கட்டுவது மாதிரி. கையில் இருக்கிற காசில் பெரிய பங்கு நடு ஸ்பீக்கருக்கும் முன் இரண்டுக்கும் போகட்டும். நடு ஸ்பீக்கர் திரைக்கு நேர் கீழே, திறந்த இடத்தில், முகம் காதைப் பார்த்துக் கொஞ்சம் மேலே சாய்ந்தபடி இருக்க வேண்டும். முன் இரண்டும் 11 அடித் தூரத்துக்கு நடுக்கோட்டில் இருந்து நாலரை முதல் ஐந்து அடி விலகி, கீச்சுச் சத்தம் வருகிற சின்ன வட்டம் இருக்கிற காது உயரத்தில். 100 அங்குலத் திரை என்றால் இதற்கு இடம் இருக்கிறது, மூலையில் முட்டவும் மாட்டாது. நான் 120 வேண்டாம் என்றதன் இரண்டாவது காரணம் இது.

நடு ஸ்பீக்கர் இல்லாமலும் சமாளிக்கலாம், இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் குரல் நிற்கும். ஆனால் அது நடுக் கதிரையில் இருக்கிறவருக்கு மட்டும்தான். ஓரத்தில் இருக்கிற அம்மம்மாவுக்குக் குரல் பக்கத்து ஸ்பீக்கருக்கு ஓடிவிடும். காது மந்தமான ஒரு ஆள் வீட்டில் இருந்தால் நடு ஸ்பீக்கர் ஆடம்பரம் இல்லை, கட்டாயம்.

பின்னால் இரண்டு, தலைக்கு மேல் இரண்டு என்கிற ஆசையைப் பற்றி. டொல்பி அட்மொஸ் 2012இல் 'பிரேவ்' படத்தோடு தியேட்டருக்கு வந்தது, பிறகு வீட்டுக்கும் வந்தது. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் எங்கட ஹோலில் ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் பல்கனிக் கண்ணாடி, இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசைக்குப் போகிற திறந்த வெளி. பக்க ஸ்பீக்கர் ஒன்றை மாட்டச் சுவரே இல்லாத இடத்தில் ஒன்பது ஸ்பீக்கர் திட்டம் எதற்கு? நல்ல மூன்று, சுமாரான ஒன்பதை விட எப்போதும் மேல்.

டைல்ஸ் நிலத்தில் நின்று ஒருக்காக் கை தட்டிப் பாருங்கோ. 'டிங்' என்று ஒரு வால் நீளுதா? வசனத்தை விழுங்குவது அதுதான். அதற்குச் சுவரில் ஒட்டுகிற விலைகூடிய பலகை தேவையில்லை. தடித்த கம்பளம், கேர்ட்டின், துணிச் செட்டி, பின்சுவரில் புத்தகம் நிரம்பிய ராக்கை. கலைப்பீட மாணவர் வீட்டில் கடைசியாகச் சொன்னதற்குக் குறைவிருக்காது.

சுவருக்கு அந்தப் பக்கம்

இனி சப்வூஃபர். 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலையின் நீளம் 28 அடி, உங்கட ஹோலை விட நீளம். நாலரை அங்குலச் சுவர் கீச்சுச் சத்தத்தை ஓரளவு தடுக்கும். இந்த அடிச்சத்தத்துக்கு அந்தச் சுவரும் கொங்கிரீட் தளமும் பெரிய தடை இல்லை. "ஃபோம் ஒட்டினால் சத்தம் வெளியில போகாது" என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தால் அது பொய். ஃபோம் அறைக்குள் இருக்கிற மேல்சத்தத்தின் எதிரொலியைக் குறைக்கும். அடிச்சத்தத்தைத் தடுப்பது பாரமும் இடைவெளியும்தான், அதாவது அறைக்குள் இன்னொரு அறை கட்ட வேண்டும். 12 அடி ஹோலில் அதற்கு இடமும் இல்லை, அந்தப் பாரத்தை உங்கட தளம் தாங்குமா என்று கேட்க வேண்டிய பொறியியலாளரை நீங்கள் கூப்பிடவும் இல்லை.

"எங்கட வீடு, எங்கட காசு, என்னவும் செய்வம்" என்கிற கதை இருக்குத்தானே, அதற்கு வருவோம். தொடர்மாடி வீட்டு உடைமை பற்றி 1973இல் இருந்தே இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, அந்த ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். அதன் அடிப்படை என்னவென்றால், உங்களுக்குச் சொந்தமானது உங்கட அலகு, கட்டடத்தைத் தாங்குகிற பாகங்கள் எல்லாருக்கும் பொது. 2007 நவம்பரில் வெலிகமப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. கடவுளுக்கே நேரம் குறித்துக் கொடுத்த நாட்டில் உங்கட கார் வெடிக்கிற காட்சிக்கு மட்டும் நேரம் கிடையாதா?

சட்டத்தை விடுங்கோ. சுவருக்கு அந்தப் பக்கம் ஏ.எல். எழுதப்போகிற ஒரு பிள்ளை இருக்கலாம். இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கிற ஒரு நேர்ஸ் இருக்கலாம். சத்தம் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் ரிமோட்டை அமத்தலாம். அவர்களிடம் ரிமோட் இல்லை. முதலில் சப்வூஃபர் இல்லாமல் ஒரு மாதம் பாருங்கோ. பிறகும் வேண்டும் என்றால் சின்னது ஒன்று, பொதுச்சுவரில் இருந்து தள்ளி. அம்ப்ளிஃபயரில் 'நைட் மோட்' என்று ஒன்று இருக்கும். வெடிச்சத்தத்தை அமத்தி மெல்லிய சத்தத்தைத் தூக்கும். அதைப் போட்டால் வெடி வரும்போது குறைத்து வசனம் வரும்போது கூட்டுகிற அந்தக் கரைச்சலும் இல்லை.

வயரைப் புதைக்க வேண்டாம், பைப்பைப் புதையுங்கோ

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் வீடு திருத்தும்போதே திட்டம் போடச் சொல்கிறேன்? சுவர் திறந்திருக்கிற அந்தச் சில கிழமைகள் பிறகு வராது. பூச்சு பூசி, பெயின்ட் அடித்த பிறகு ஒரு வயருக்காகச் சுவர் கொத்துவது எவ்வளவு செலவு, எவ்வளவு தூசி, எவ்வளவு சண்டை என்பது கொத்தின வீட்டுக்குத் தெரியும்.

புரொஜெக்டருக்குப் போகிற எச்.டி.எம்.ஐ. வயரை நேரே சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள். எச்.டி.எம்.ஐ.யின் முதல் பதிப்பு 2002இல் வந்தது, 2.1 பதிப்பு 2017இல். இடையில் எத்தனை பதிப்பு! அன்று புதைத்த வயர் இன்றைய படத்தைக் கொண்டுபோகாது, இன்று புதைக்கிறது நாளைய படத்தைக் கொண்டுபோகாது. ஆகவே ஒன்றரை அல்லது இரண்டு அங்குல பிவிசி பைப். சாதாரண மின்சார வயர் போகிற முக்கால் அங்குலப் பைப்புக்குள் எச்.டி.எம்.ஐ. தலை நுழையாது. வளைவுகள் அகலமாக, உள்ளே ஒரு நைலோன் கயிறு விட்டு வையுங்கோ, பிறகு எந்த வயரையும் கட்டி இழுக்கலாம். ஐந்து, ஆறு மீட்டருக்கு மேல் போனால் சாதாரணச் செப்பு வயர் 4கே படத்துக்கு நம்பிக்கை இல்லை, ஒளியிழை வயர் வேண்டும். மின்சார வயரும் இதுவும் ஒரே பைப்பில் போகக் கூடாது. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பொயின்ட், திரைக்கு மேல் ஒன்று, நடு ஸ்பீக்கர் இடத்தில் ஒரு பைப் வாய், முன் ஸ்பீக்கர் இடங்களில் ஒவ்வொன்று. பக்க ஸ்பீக்கர் இப்ப வேண்டாம் என்றாலும் அதற்கும் வெறும் பைப் போட்டு மூடி விடுங்கோ. பைப்புக்குப் பெரிய காசு இல்லை.

தூணிலும் பீமிலும் கை வைக்க வேண்டாம். சீலிங்கில் புரொஜெக்டர் தொங்கப்போட ஓட்டை போட முதல் கட்டட முகாமையிடம் கேளுங்கோ. புதிய கட்டடங்கள் சிலவற்றின் தளத்துக்குள் இழுத்து இறுக்கிய இரும்புக் கம்பி வடம் இருக்கும். டிரில் அதில் பட்டால் பிரச்சினை உங்கட வீட்டோடு நிற்காது. கடைசியாகக் கடல். உப்புக் காற்று ஸ்பீக்கர் வயரின் செப்பு நுனியைப் பச்சையாக்கிவிடும், ஈரலிப்பு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். புரொஜெக்டரைப் பல்கனிக் கதவுக்கு நேரே மாட்டினால் எந்தப் பிராண்டும் தாங்காது.

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. ஜம்பட்டா வீதிப் பக்கப் பழைய வீடுகள் ஒடுங்கி நீளமானவை, சுவரோடு சுவர். நீளம் இருப்பதால் புரொஜெக்டருக்கு வெள்ளவத்தையை விட அங்கேதான் வசதி. பழைய தடித்த சுவர் என்றால் வசனம் பக்கத்து வீட்டுக்குப் போவதும் குறைவு. ஆனால் பின்பக்கம் அஸ்பெஸ்டஸ் ஷீட் போட்டிருந்தால் மழை பெய்யும்போது எந்த ஸ்பீக்கரும் வெல்லாது. அங்கே சீலிங் ஸ்பீக்கர் என்று கதைக்கிறவரை வாசலோடு அனுப்பலாம். பின்சுவரில் ஒரு தட்டு, அதில் புரொஜெக்டர், முன்னால் வெள்ளையடித்த சுவர், இரண்டோ மூன்றோ ஸ்பீக்கர். வாடகை வீடு என்றாலும் கழற்றிக்கொண்டு போகலாம்.

ஏன் இவ்வளவு கதை

"பெரிய ரீவி ஒண்டு வாங்கினால் முடிஞ்சுது, ஏன் இந்தக் கரைச்சல்" என்று கேட்கலாம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு உண்மையிலேயே ரீவி காணும், அதில் எனக்கு வாக்குவாதம் இல்லை. நான் பதினைந்து பேரைப் பற்றிக் கதைக்கிறேன்.

கொழும்புத் தமிழருக்குப் படம் பார்க்கிற இடம் எப்போதும் லேசாகக் கிடைத்ததில்லை. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது, அதோடு படச்சுருள்களும் எரிந்தன. அதற்குப் பிறகு பயமும் ஊரடங்கும் இருந்த காலங்களில் சனம் வீட்டு ஹோலில் ரீவியும் டெக்கும் வைத்து, ஒழுங்கை முழுக்கக் கூடி, விடிய விடியப் படம் பார்த்தது. ஒரு ரீவிக்கு முன் முப்பது பேர். அந்த ஹோலில் நடுக் கதிரை என்று ஒன்று இருக்கவில்லை. இன்றைக்கு சவோயில் ரஜினி படம் வரும், தெகிவளை கொன்கோர்டில் வேறு பெரிய நடிகர்களின் படம் வரும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் எங்கட வயதுப் பெடியளும் பெட்டையளும் எடுக்கிற குறும்படமும் ஆவணப்படமும் அங்கே வருமா? வராது. அதை ஒவ்வொருத்தரும் பஸ்ஸில் போகும்போது ஃபோனில், ஒரு காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்க்கிறோம். பார்த்து முடிய ஒருத்தரோடும் கதைப்பதில்லை.

வி. எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். 1972இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்தவரும் அவர்தான். வீடு கட்டத் தெரிந்த ஒருத்தர் படம் எடுக்கவும் துணிந்த சமூகம் இது. இன்றைக்கு நாங்கள் வீடு திருத்துகிற காசில், ஒரு ஒழுங்கைக்கு ஒரு ஹோல், மாதம் ஒரு இரவு, பதினைந்து பேர் பாயில் இருந்து ஒரு படம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியோடு சண்டை பிடிக்கிற இடமாக மாறலாம். அதற்கு வேண்டியது 100 அங்குலத் திரை, வசனம் விளங்குகிற மூன்று ஸ்பீக்கர், ஆட்கள் இருக்க வெறும் நிலம். ஊதா லைட்டும் சாய்ந்து படுக்கிற கதிரையும் அந்த நிலத்தைத்தான் தின்கின்றன.

ஆகவே அந்த முப்பரிமாணப் படத்துக்கு முற்பணம் குடுக்க முதல் வேலை எடுத்துச் செய்கிற ஆட்களிடம் ஐந்து கேள்வி கேளுங்கோ. ஃபான் எங்கே? நடு ஸ்பீக்கர் எங்கே? பைப்பின் விட்டம் எவ்வளவு? சப்வூஃபருக்குப் பின்னால் இருக்கிற சுவர் யாருடையது? ஊரில் இருந்து ஆட்கள் வந்தால் பாய் எங்கே விரிப்பது? ஐந்துக்கும் பதில் இருந்தால் வேலையைக் குடுங்கோ. இல்லாவிட்டால் அளவு நாடாவை நீங்களே கையில் எடுங்கோ. அம்மம்மாவின் செட்டியில் போய் இருந்து அங்கிருந்து அளக்கத் தொடங்குங்கோ.